மதுரைச் சிறுகடைகளில் நூடுல்ஸும் புரோட்டாவும்: சிங்கப்பூரிலிருந்து குடிவரும் ஒரு குடும்பத்துக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். பதினான்கு ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்துவிட்டு மதுரைக்குக் குடிவருகிறீர்கள். பிள்ளைகள் இருவரும் அங்கே ஹாக்கர் கடை எனப்படும் சிறு உணவுக்கடைகளின் சாப்பாட்டிலேயே வளர்ந்தவர்கள். நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸ், சிக்கன் ரைஸ், புரோட்டா ஆகியவற்றை இங்கே சிறு கடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் நம்பிச் சாப்பிடலாமா, எந்த நேரத்தில் எங்கே போக வேண்டும், பர்மா உணவு கிடைக்குமா, உடன் வரும் சைவ அம்மாவுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மதுரையில் ஓட்டல்களுக்கும் சாலையோரக் கடைகளுக்கும் மைதா, எண்ணெய், சாஸ், மசாலா கொடுத்து வருகிறவன். கடையின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிகம் பார்த்தவன் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் தெருவோரம் விற்றவர்களை 1970-களிலும் 80-களிலும் அரசே கூரை போட்ட மையங்களுக்குள் கொண்டுவந்து, தண்ணீர்க் குழாயும் வடிகாலும் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணுள்ள கடையை ஒதுக்கியது. அந்த ஹாக்கர் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே பசித்தவர் ஓர் இடத்துக்குப் போனால் போதும். கோழியும் நூடுல்ஸும் ரொட்டியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். மதுரையில் அப்படியொரு கூரை கிடையாது. இங்கே உணவை நேரம்தான் பிரித்து வைத்திருக்கிறது. காலையில் இட்லி ஆவி பறந்த அதே நடைபாதையில் நான்கு மணிக்கு பஜ்ஜிச் சட்டி ஏறும். ஆறரை மணிக்கு அந்தச் சட்டி இறங்கி, வேறொருவர் புரோட்டாக் கல்லைப் பற்றவைப்பார். மூன்று பேரும் ஒரே இடத்தைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு ஆண்டுக்கணக்காகச் சண்டையில்லாமல் வியாபாரம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே 'எங்கே' என்பதற்கு முன்னால் 'எப்போது' என்று கேட்பதே மதுரையில் சாப்பிடுவதற்கான முதல் பாடம். வந்த மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புரோட்டா தேடிப் புறப்பட்டீர்கள் என்றால், வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

புரோட்டாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பிள்ளைகளுக்கு மிக எளிதில் பிடிபடப் போவது அதுதான். சிங்கப்பூரில் பிராட்டா, மலேசியாவில் ரொட்டி சனாய், பர்மாவில் பலாட்டா என்று சொல்லப்படுவதும் நம்முடையதும் ஒரே குடும்பம். தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து கொண்டுபோன கைவேலை அது. அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளுக்குள்ள 'மாமாக்' என்ற பெயரிலேயே நம்முடைய 'மாமா' உட்கார்ந்திருக்கிறார். வேறுபாடு இரண்டு. அங்கே அது காலை உணவு, பருப்புக் குழம்போ மீன் குழம்போ தொட்டுக்கொள்ள வரும். இங்கே அது இரவுச் சாப்பாடு, சால்னாவை மேலே ஊற்றி ஊறவைத்துத் தின்பது. மாலை ஆறுக்குமுன் நல்ல புரோட்டாக் கடை எதுவும் கல்லைச் சூடேற்றாது என்று சொன்னால் அது சற்றே மிகை, ஆனாலும் அந்த நேரத்துக்கு முன்னால் போகாதீர்கள்.

மாவு எப்படி ஆகிறது என்பதைப் பிள்ளைகளோடு நின்று பாருங்கள். மைதாவில் உப்பும் தண்ணீரும் சேர்த்து அடித்துப் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத் துணி போர்த்தி ஊறவைக்கிறார்கள். இப்படி ஊறும்போதுதான் மாவிலுள்ள பசைத்தன்மை தளர்ந்து, கிழியாமல் இழுபடும் பதம் வருகிறது. உருண்டையைக் கல்லில் அறைந்து விரித்து, வீசி, கண்ணாடித் தாளைப் போல மெலிதாக்கி, கொசுவி, சுருட்டி, மீண்டும் தட்டிக் கல்லில் போடுவார் மாஸ்டர். வெந்த நான்கைந்தை அடுக்கி இரு கைகளாலும் பக்கவாட்டில் பளார் பளாரென்று அடிக்கும்போதுதான் அடுக்குகள் விட்டுப் பிரியும். அந்த அடி விழாத புரோட்டா, எவ்வளவு எண்ணெய் குடித்திருந்தாலும், அட்டைதான். அவசரக் கடைகளில் இந்த ஒரு வேலையைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள் என்பதால், கடையைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த மிக எளிய வழி, தெருமுனையிலேயே நின்று அந்தச் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பது.

கொத்துப் புரோட்டாவின் இரட்டைக் கரண்டித் தாளம் இலங்கையின் கொத்து ரொட்டிக்கும் பொது. பன் புரோட்டா என்பது சிறிய வட்டமாக, உயரமாக, உள்ளே பன்னைப் போல மெத்தென்று இருக்கும் மதுரை வகை. ஆவின் சந்திப்புப் பக்கம் அதற்கென்றே பெயர் வாங்கிய கடை இருக்கிறது. எண்ணெயில் முழுதாகப் பொரித்தெடுக்கும் புரோட்டாவுக்கு விருதுநகர் வரை, சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே, போக வேண்டும். மதுரையிலும் போடுகிறார்கள் என்றாலும், அந்தப் பயணத்தை ஒருமுறையாவது செய்வது நல்லது.

அடுத்து சிக்கன் ரைஸ். இந்தப் பெயர் உங்கள் வீட்டில் கட்டாயம் ஒரு சிக்கலை உண்டாக்கும். என் சித்தப்பா மகள் குடும்பம் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தபோது, அவர்களுடைய பத்து வயதுப் பையனை அண்ணாநகரில் ஒரு வண்டிக்கடைக்கு அழைத்துப் போனேன். பலகையில் 'சிக்கன் ரைஸ்' என்று இருந்ததைப் பார்த்து அவனே கேட்டு வாங்கினான். அவன் எதிர்பார்த்தது ஹைனான் வகை: இஞ்சியும் பூண்டும் போட்டு வேகவைத்த கோழி, அந்தக் கோழிச்சாற்றிலேயே வடித்த பளபளப்பான சோறு, ஓரத்தில் மிளகாய்ச் சாந்து, வெள்ளரித் துண்டு. தட்டில் வந்ததோ சிவப்புப் பொரித்த கோழியைப் பிய்த்துப் போட்டு, முட்டையும் முட்டைக்கோஸும் மிளகுத்தூளும் சேர்த்து வறுத்த சோறு. "மாமா, கோழி எங்கே?" என்று கேட்டான். மாஸ்டர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டு, "அதான் நிறையப் போட்டிருக்கேனே தம்பி" என்று சொல்லி, மேலும் இரண்டு துண்டு வைத்தார். அவன் முழுவதையும் சாப்பிட்டான். ஆனால் அது சிக்கன் ரைஸ் இல்லை என்பதில் இன்றுவரை உறுதியாக இருக்கிறான். மதுரையில் சிக்கன் ரைஸ் என்றால் ஃப்ரைடு ரைஸ்தான். ஹைனான் வகை வேண்டுமென்றால் வீட்டில் செய்துகொள்வதே வழி. ஒரு நாட்டுக்கோழியும் இஞ்சியும் இருந்தால் அது கடினமான வேலையும் இல்லை.

இந்த வண்டிக்கடைகளுக்கு இங்கே 'ஃபாஸ்ட் ஃபுட்' என்று பெயர். கே.கே.நகர், அண்ணாநகர், பைபாஸ் ரோடு, காளவாசல் எனக் கல்லூரிப் பிள்ளைகளும் வேலை முடிந்து திரும்புகிறவர்களும் போகும் சாலைகளிலெல்லாம் மாலை ஆறு மணிக்குமேல் இவை முளைத்துவிடும். ஒரு வண்டியை அருகிலிருந்து பார்த்தால், அதன் சமையலறை முழுவதும் ஆறடி நீளத்துக்குள் இருக்கிறது: நீல நெருப்பு சீறும் பெரிய அடுப்பு, கறுத்த இரும்புச் சட்டி, வடித்துப் பரப்பி ஆறவைத்த சோறு ஒரு அண்டாவில், எண்ணெய் தடவிப் பிரித்து வைத்த நூடுல்ஸ் ஒரு தட்டில், நறுக்கிய கோஸும் கேரட்டும் ஒரு கூடையில், மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில்களில் சோயா சாஸும் வினிகரும். மாஸ்டர் எதையும் அளப்பதில்லை. எண்ணெய் புகையும்போது முட்டையை உடைத்து ஊற்றி, அது உறைவதற்குள் காய்கறியைத் தள்ளி, சோற்றைக் கொட்டி, உப்பும் மிளகும் அஜினோமோட்டோவும் ஒரு கரண்டி நுனியால் எடுத்து எறிந்து, சட்டியின் ஓரத்தில் சாஸை ஊற்றுவார். நடுவில் ஊற்றினால் சோறு நனைந்துவிடும், ஓரத்தில் ஊற்றினால் இரும்பிலேயே கருகி மணமாக மாறும் என்று ஒரு மாஸ்டர் எனக்கு விளக்கியிருக்கிறார். சட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும்போது நெருப்பு உள்ளே தாவி ஒரு நொடி எரிந்து அணையும். ஒரு தட்டுக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. வீட்டு அடுப்பில் அந்தச் சுவை வராததற்குக் காரணம் கைப்பக்குவம் மட்டுமன்று, அந்த நெருப்பின் வேகமும்தான்.

இது சீன உணவா என்று கேட்டால், இல்லை. சீனத்திலிருந்து புறப்பட்டு வழியில் நம்மவராகிவிட்ட உணவு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கொல்கத்தாவில் குடியேறிய சீனர்கள், அவர்களுள்ளும் குறிப்பாக ஹக்கா மக்கள், நம் நாக்குக்கேற்பப் பச்சை மிளகாயும் இஞ்சி பூண்டும் சேர்த்துச் சமைக்கத் தொடங்கினார்கள். மஞ்சூரியன் என்ற பண்டத்துக்கும் மஞ்சூரியாவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சீன வம்சாவளிச் சமையல்காரர் 1975-இல் மும்பையில் அதை உண்டாக்கினார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அது தெற்கே இறங்கி வந்து மதுரையில் இன்னொரு மாற்றம் அடைந்திருக்கிறது: இங்குள்ள மாஸ்டர் மிளகைக் கூட்டியிருக்கிறார், கறிவேப்பிலையைச் சேர்த்திருக்கிறார், கூட்டத்தில் யாராவது கேட்டால் ஃப்ரைடு ரைஸின்மேல் சால்னாவும் ஊற்றுகிறார். சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் போடும் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸும் இதே மாதிரி உருமாறிய பண்டம்தானே. அதனால் பிள்ளைகளிடம் 'இது சைனீஸ்' என்று சொல்லிக் கொடுக்காமல், 'இது மதுரை நூடுல்ஸ்' என்று சொல்லிக் கொடுங்கள். ஏமாற்றம் பாதி குறையும். குளிரூட்டிய பெரிய ஓட்டல்களில் சீனப் பக்கம் என்று தனியே அச்சிட்ட பட்டியல் இருந்தாலும், என் அனுபவத்தில் அங்கேயும் வருவது இதே உணவுதான், தட்டு மட்டும் சதுரமாக இருக்கும். அதற்கு மூன்று மடங்கு கொடுப்பதைவிட வண்டிக்கடையே மேல் என்பது என் தனிப்பட்ட கருத்து.

அஜினோமோட்டோவைப் பற்றிக் கேட்காமலிருக்க மாட்டீர்கள். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா 1908-இல் கடற்பாசிக் கஷாயத்தின் சுவைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே அது இந்தப் பெயரில் கடைக்கு வந்தது. தக்காளியிலும் காளானிலும் இயற்கையாகவே இருக்கும் குளூட்டமேட்டின் உப்பு அது. சாதாரண அளவில் அது தீங்கு செய்வதாகச் சோதனைகள் உறுதியாகக் காட்டவில்லை. என் கவலை வேறு. ருசி குறைந்த பழைய கோழியையும் நேற்றைய சோற்றையும் அந்த வெள்ளைத் தூள் கெட்டிக்காரத்தனமாக மறைத்துவிடும். 'போடாதீங்கண்ணே' என்று கேட்டால் பெரும்பாலான மாஸ்டர்கள் போடாமல் செய்து கொடுப்பார்கள். அப்படிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் கோழி எந்த நாளையது என்பது நாக்குக்கே தெரிந்துவிடும்.

சுகாதாரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே ஆபத்து நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. சாலைத் தூசியையும் ஈயையும் பார்த்துப் பயப்படுகிறோம்; என்னை இரண்டு நாள் படுக்கவைத்தது சோறு. ஒரு மே மாதத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், இரவு பதினொரு மணிக்குக் கடைசித் தட்டு ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டேன். விடிவதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வடித்த சோறு மிதமான சூட்டிலேயே பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விட்டுவிடும்; பிறகு எத்தனை நெருப்பில் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆறிய சோறுதான் உதிரியாக வறுபடும் என்பதால் எல்லோரும் முன்கூட்டியே வடித்து வைக்கிறார்கள், அதில் தவறில்லை. அதைக் குளிரில் வைக்கிறார்களா, மதுரை வெயிலில் அண்டாவோடு வைக்கிறார்களா என்பதுதான் கேள்வி. ஆகவே கோடையில் ஃப்ரைடு ரைஸை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், கூட்டம் நகரும் கடையில், சாப்பிட்டுவிடுங்கள். அண்டாவின் அடி தெரியும் நேரத்தில் போனால் நூடுல்ஸையோ புரோட்டாவையோ வாங்குங்கள்.

சிங்கப்பூரில் கடை முகப்பில் ஒட்டியிருக்கும் தர எழுத்தைப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். இங்கே தேட வேண்டியது உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண். அது கடை பதிவு பெற்றது என்பதற்குச் சான்று, அன்றைய எண்ணெய்க்குச் சான்றாகாது. பொரிக்கும் எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அளக்கும் கருவி நம்மிடம் இல்லாவிட்டாலும், சட்டியின் ஓரத்தில் நுரை அடங்காமல் நிற்பதும், எண்ணெய் தேன் பதத்துக்குக் கெட்டிப்பட்டுக் கறுத்திருப்பதும் கண்ணுக்கே தெரியும். நான் எண்ணெய் கொடுக்கும் கடைகளில் எது வாரத்துக்கு எத்தனை டின் வாங்குகிறது என்று எனக்குத் தெரியும். கூட்டம் கூடியும் டின் கூடாத கடையில் நான் பொரித்த பண்டம் எதையும் சாப்பிடுவதில்லை. பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. ஷவர்மா கடைகளில் மயோனைஸ் எதில் செய்தது என்று தயங்காமல் கேளுங்கள். காளான் என்ற பெயரில் மாலையில் விற்கும் காரமான மசாலாவில் பெரும்பகுதி முட்டைக்கோஸ்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது மோசடி என்று யாரும் கருதுவதில்லை, ருசியாகவே இருக்கும்.

பர்மா உணவைப் பற்றிய பதில் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றும். 1962-இல் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது, லட்சக்கணக்கான இந்தியர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். கப்பல் வந்து நின்றது சென்னையில் என்பதால், அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் கலவையும் அங்கேயே துறைமுகத்துக்கு எதிர்த் தெருவில் தங்கிவிட்டது. மதுரைப் பக்கம் வந்து சேர்ந்தவர்களின் நினைவாகப் பர்மா என்ற பெயரைப் பலகையில் தாங்கிய இடியாப்பக் கடையைப் பார்க்கலாம். ஆனால் சென்னையைப் போல அத்தோ வண்டிகள் வரிசையாக நிற்பதில்லை. எங்கேனும் ஒரு வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள்: மஞ்சள் நூடுல்ஸில் பொடியாக அரிந்த கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த வடையை நொறுக்கியது எல்லாவற்றையும் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டுச் சாறு. கலக்கும்போது அடுப்பே வேண்டாத இந்த உணவை வீட்டிலும் செய்துவிடலாம். பூண்டெண்ணெயைக் கருகவிடாமல் பொன்னிறத்தில் இறக்குவது ஒன்றுதான் அதில் நுட்பம்.

பிள்ளைகள் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் குளிர்பானத்தைக் குடித்துப் பழகியவர்கள் என்றால் ஜிகர்தண்டா அவர்களுக்குப் புதிதாகவே தோன்றாது. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஊறவைத்த கடற்பாசி, மேலே ஐஸ்கிரீம். அந்தக் கடற்பாசியைத்தான் உலகம் அகர்-அகர் என்கிறது, அது மலாய்ச் சொல். ஜிகர்தண்டா என்பது குளிர்ந்த ஈரல் என்று பொருள்படும் உருதுச் சொல். நன்னாரி நம் மலைச்சரிவில் கிடைப்பது. ஒரு டம்ளருக்குள் மூன்று ஊர். விளக்குத்தூண் பக்கம் உள்ள பழைய கடையில் நின்றுகொண்டே குடித்துவிட்டு வாருங்கள். இப்போது தெருவுக்குத் தெரு அதே பெயரில் கடைகள் வந்துவிட்டன. பாலைச் சுண்டக் காய்ச்சாமல் பால்பவுடரால் கெட்டியாக்குகிறவர்களும் உண்டு, நாக்கின் பின்பக்கத்தில் மாவு போல ஒட்டினால் அதுதான்.

நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரையான பொழுதைப் பெரும்பாலான வெளியூர்க்காரர்கள் தவறவிடுகிறார்கள். தெற்கு மாசி வீதியிலிருந்து மகால் வரை சௌராஷ்டிரர்கள் நெருங்கி வாழும் தெருக்களில், வீட்டு வாசலிலேயே எண்ணெய்ச் சட்டி வைத்து முள்ளுமுருங்கைப் பூரி பொரிப்பார்கள். ஊறிய அரிசியோடு முள்ளுமுருங்கை இலையை அரைத்து, கையால் தட்டிப் போட்டதும் பச்சை நிறத்தில் உப்பி மேலே வரும். எடுத்து எண்ணெய் வடித்து, காரப்பொடியைத் தூவிக் கொடுப்பார்கள். குஜராத்திலிருந்து தக்காணம் வழியாக வந்து நாயக்கர் காலத்திலிருந்து இங்கே பட்டு நெய்த மக்களின் பண்டம் அது. சளிக்கு நல்லது என்று சொல்லி விற்பார்கள். சளி இல்லாதவர்களும்தான் நாலு நாலாக வாங்கிப் போகிறார்கள். மீனாட்சி கோயிலின் மேலக் கோபுரம் பக்கம் கோபு ஐயங்கார் கடையில் அதே நேரத்தில் வெள்ளை அப்பம் கிடைக்கும், பச்சைச் சட்னியோடு.

மெஸ்களைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் இரண்டு வரி. சிம்மக்கல்லில் கோனார் கடையின் கறி தோசை, கனத்த தோசையின்மேல் முட்டையையும் அதன்மேல் கொத்திய கறியையும் பரப்பித் திருப்பிப் போட்டது, ஒன்றே ஒரு வேளைக்குப் போதும். தல்லாகுளம் பக்கத்து மெஸ்களில் மதியம் அயிரை மீன் குழம்பு இருக்கும். விரல் நீளம்கூட இல்லாத அந்த மீனை முழுதாகச் சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

காரம்தான் சிறுவர்களுக்கு உண்மையான தடை. சம்பல் என்ற மிளகாய்ச் சாந்து தின்று வளர்ந்த பிள்ளைகள் மிளகாயைத் தாங்குவார்கள், மதுரைச் சால்னாவின் மிளகும் பட்டையும் வேறு மாதிரி ஏறும். 'காரம் கம்மியா' என்று சொன்னால் மாஸ்டரால் ஃப்ரைடு ரைஸில்தான் குறைக்க முடியும். சால்னா காலையிலேயே கொதித்து முடிந்தது, அதில் எதையும் எடுக்க முடியாது. அவர்களுக்கு வீச்சுப் புரோட்டாவும் ஆம்லெட்டும், அல்லது புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சர்க்கரை தூவிக் கொடுப்பதும் எளிது. சிங்கப்பூரில் பிராட்டாவுக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பார்கள். மேசையில் இடம் பிடிக்க அங்கே டிஷ்யூ பொட்டலம் வைக்கும் வழக்கம் இங்கே எடுபடாது, துடைத்து எறிந்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். யாராவது சாப்பிட்டு முடிக்கும் பெஞ்சின் அருகே போய் நிற்பதில் இங்கே வெட்கம் இல்லை. மாஸ்டரையும் பரிமாறுகிறவரையும் 'அண்ணே' என்றே கூப்பிடுங்கள், கடை நடத்துபவர் பெண்ணாக இருந்தால் 'அக்கா'. காசு பெரும்பாலும் சாப்பிட்ட பிறகுதான். ஜிபே எல்லா வண்டியிலும் இருக்கிறது.

இனி உங்கள் அம்மா. ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் 'வெஜ் நூடுல்ஸ்' என்று எழுதியிருந்தாலும் சட்டி ஒன்றுதான், கரண்டி ஒன்றுதான், இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றித் துடைப்பதே அங்கு நடக்கும் சுத்தம். சைவம் பழக்கமாக மட்டும் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். நோன்பாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். புரோட்டாக் கடையின் குருமாவையும் சைவம் என்று நம்பிவிட முடியாது, கேட்டு வாங்க வேண்டும். அவருக்கு மதுரை இரவுகளில் இட்லிதான் துணை. சிங்கப்பூரிலும் கிளை வைத்திருக்கும் முருகன் இட்லிக் கடை தொடங்கியது இந்த ஊரில்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்; ஆனால் மாசி வீதிகளில் இரவு பத்து மணிக்கு மேலும் நடைபாதையில் இட்லிப் பானை வைத்து, துணி விரித்து ஊற்றி, நாலு வகைச் சட்னியோடு வைக்கும் அக்காக்களிடமும் ஒருநாள் அழைத்துப் போங்கள்.

மாலையில் பருத்திப்பால் வண்டி வரும். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் போட்டு, மேலே தேங்காய்ப்பூவைத் தூவிக் கொடுப்பார்கள். மாட்டுப்பால் சேராதது, கஞ்சியைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும். வாங்குமுன் வண்டிக்காரரைக் கரண்டியால் அடிவரை ஒருமுறை கலக்கச் சொல்லுங்கள். தேங்காய் மேலேயும் மாவு அடியிலும் நின்றுவிடும், முதலில் வாங்குகிறவருக்கு வெறும் தெளிவுதான் வரும். பெரிய தூக்குவாளியாக எடுத்துப் போனால் வீட்டுக்கே வாங்கி வந்துவிடலாம், அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்து குடிப்பார்.